கடலோடு திரும்புகிறவர்கள் காணாத மட்டக்களப்பு

மட்டக்களப்பு வாவி இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. வடக்கே ஏறாவூர், வந்தாறுமூலைப் பக்கம் தொடங்கித் தெற்கே அம்பாறை மாவட்டத்தின் கல்முனை வரை போகிறது. அகலம் எங்கும் ஒன்றுபோல இல்லை. சில இடங்களில் அக்கரையில் நிற்கும் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். வேறு சில இடங்களில் அக்கரை வெறும் பச்சைக் கோடாகத் தெரியும். ஆழம் பெரிதில்லை. நகருக்கு அருகே பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் வாவி கடலைச் சேர்கிறது. கோடையில் மணல் மூடி வாய் அடைபட்டுவிடும். மாரி வெள்ளம் வயல்களுக்குள் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீன்காரருக்கும் ஒத்த கருத்து அமைவது அரிது.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் மேய்ச்சல் தரையும் காடுமாகப் பரந்த நிலம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்ற இந்தப் பிரிவை விளங்கிக்கொள்ளாமல் மட்டக்களப்பைப் பார்த்து முடிக்க இயலாது. எழுவான்கரையில் கல்முனை வீதியின் இரு புறமும் ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிறது. தமிழ்க் கிராமம் முடிய முஸ்லிம் ஊர், அது முடிய மீண்டும் தமிழ்க் கிராமம். படுவான்கரையில் ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன; இரவில் யானை வரும். மாவட்டத்தின் பரப்பு 2,854 சதுர கிலோமீற்றர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 526,567 பேர் எண்ணப்பட்டனர். அவர்களில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் தமிழர், நான்கில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். சிங்களவரும் பறங்கியரும் சிறு தொகையினர்.

பெரும்பாலான உல்லாசப் பயணிகள் இரு கரைகளில் எதையும் காண்பதில்லை. பொலனறுவை வழியாக வாகனத்தில் வந்து, வாழைச்சேனையில் திரும்பி, பாசிக்குடா விடுதியொன்றில் தங்கி, கடலில் குளித்து, வந்த வழியே போய்விடுகிறார்கள். நகரம் அங்கிருந்து தெற்கே 35 கிலோமீற்றர்தான். அந்தத் தூரத்தைக் கடந்து வருவோர் குறைவு. வாவியைத் தாண்டி மேற்கே போவோர் அதிலும் குறைவு.

வரும் வழியும் வரும் காலமும்

கொழும்பிலிருந்து மட்டக்களப்பு நகருக்குத் தரைவழியில் ஏறத்தாழ 315 கிலோமீற்றர். இரவு பஸ்கள் ஏராளம். ரயில் பாதை 1928 இல் மட்டக்களப்பை எட்டியது. பகலில் ஓடும் உதயதேவிதான் இந்தப் பாதையில் பெயர்பெற்ற வண்டி. மாகோச் சந்தியில் பிரிந்து, கல்லோயா, பொலனறுவை, வாழைச்சேனை வழியாக வரும் இந்தப் பாதை காட்டுக்குள் போகும் பகுதியில் யானைகள் தண்டவாளத்தைக் கடப்பது வழக்கம். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் மட்டக்களப்பிலிருந்து கொழும்பு சென்ற ரயிலில் மோதி ஆறு யானைகள் இறந்தன. ஆகவே வண்டி சில இடங்களில் ஊர்ந்து போகிறது என்று பயணிகள் சலித்துக்கொள்ளத் தேவையில்லை. நகருக்கு அருகில் உள்ள விமான நிலையம் 2018 இல் பொதுமக்கள் பாவனைக்குத் திறக்கப்பட்டது. அதில் வந்திறங்குவோர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

இலங்கையின் மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாகக் கிடக்கும். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை இங்கே வருவதற்கு ஏற்ற காலம். ஒக்டோபர் கடைசியில் மேகம் திரண்டு, நவம்பர் தொடக்கம் சனவரி வரை வாடைக்காற்றோடு பெய்வதுதான் ஆண்டு மழையின் பெரும்பகுதி. சூறாவளிகள் வந்ததும் இந்த மாதங்களில்தான். 1978 நவம்பர் 23 ஆம் திகதி அடித்த சூறாவளியை மட்டக்களப்பின் முதியவர்கள் இன்றும் ஒரு காலக்கணக்காகவே வைத்திருக்கிறார்கள். ‘சூறாவளிக்கு முன்’, ‘சூறாவளிக்குப் பின்’ என்றுதான் பேச்சு. கோடையில் தொல்லை வேறு விதம். மேற்கிலிருந்து காய்ந்து வீசும் கச்சான் காற்று நடுப்பகலில் வெளியே நடப்பவரை வாட்டிவிடும். அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும்தான் ஊர் பார்க்கத் தகுந்த நேரம்.

புளியந்தீவும் கோட்டையும்

நகரின் பழைய பகுதி புளியந்தீவு. வாவிக்குள் கிடக்கும் ஒரு தீவில்தான் கோட்டை, தேவாலயங்கள், பழைய பாடசாலைகள், அரச அலுவலகங்கள் எல்லாம் எழுந்தன. கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர், ஆண்டு 1628. பத்து ஆண்டுகள்கூட அவர்களால் முழுமையாக அனுபவிக்க முடியவில்லை. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு உடன்பாடு செய்துகொண்ட ஒல்லாந்தர் 1638 மே மாதத்தில் அதைப் பிடித்தனர். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போன முதல் கோட்டை இதுதான். அதற்கும் முன்பே, 1602 இல், ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் வந்திறங்கி, இங்கிருந்தே கண்டி அரசனைப் பார்க்கப் போனார். 1795 இல் கோட்டை ஆங்கிலேயர் வசமானது.

காலிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது சின்னதாகத் தெரியும். நான்கு கொத்தளங்கள், இரு பக்கம் வாவி, இரு பக்கம் அகழி, சில பீரங்கிகள்; அவ்வளவே. கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம் நீண்ட காலம் இதற்குள்ளேயே இயங்கியதால், காணிப் பிணக்குக்கும் நிவாரணத்துக்கும் அலைந்த மாவட்ட மக்களுக்குக் கோட்டை என்பது வரிசையில் நின்று அலுத்த இடம். சுவரேறி நின்றால் வாவி நன்றாகத் தெரியும் என்பது பயணி அறிய வேண்டிய செய்தி.

வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814 இல் வந்திறங்கித் தொடங்கிய பள்ளி, மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இரு நூற்றாண்டு தாண்டி நடக்கிறது. அவர் மட்டும் ஓராண்டுக்குள் இங்கேயே நோயில் மாண்டார். 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியை நெடுங்காலம் நடத்திய இயேசு சபையினரில் அமெரிக்கர்களும் இருந்ததால் மட்டக்களப்பு இளைஞருக்குக் கூடைப்பந்துப் பித்து உண்டாயிற்று. கிரிக்கெட் ஆளும் நாட்டில் இது ஒரு விசேடம்.

பாலமும் பாடும் மீனும்

புளியந்தீவிலிருந்து கிழக்கே போய்க் கல்லடிப் பாலத்தில் ஏறினால் வாவியின் அகன்ற பரப்பு இரு புறமும் விரியும். பழைய இரும்புப் பாலம் 1924 இல் திறக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் மனிங்கின் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம் என்று அழைக்கப்பட்டது. அதன் அருகே புதிய பாலம் 2013 இல் வந்ததும் கனரக வாகனங்கள் அங்கே மாறிவிட்டன. இரும்புப் பாலம் இப்போது மாலை நடைக்கும் தூண்டில்காரருக்கும் உரியது.

பாடும் மீன் என்ற புகழ் இந்தப் பாலத்தடிக்கே உரியது. மட்டக்களப்பை ‘மீன் பாடும் தேன்நாடு’ என்று சொல்லாத மேடைப் பேச்சாளர் இல்லை. கதை மட்டும் என்று தள்ளிவிடவும் முடியாது. குடியேற்ற அரசின் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் 1848 இல் இரவில் தோணியில் போய்க் கேட்டதைத் தமது ‘சிலோன்’ நூலில் (1859) விரிவாக எழுதினார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்கும்போது எழுவது போன்ற மெல்லிய ஓசை, பல சுருதிகளில், நீருக்கடியிலிருந்து வந்தது என்பது அவர் குறிப்பு. அங்கிருந்த மீனவர்கள் அது மீனின் சத்தமல்ல, சிப்பிச் சாதியான ஊரியின் சத்தம் என்று அவருக்குச் சொன்னார்கள். ஊரில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. சுவாமி விபுலாநந்தர் தமது யாழ் நூலில் இந்த ஓசையை நீரரமகளிரின் இசையாகக் கற்பனை செய்தார்.

கேட்கும் முறை எளிது. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான காலத்தில், பூரணையை ஒட்டிய இரவில், காற்றடங்கிய நேரத்தில், தோணியைப் பாலத்தடியில் அசையாமல் நிறுத்த வேண்டும். துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு வைக்க வேண்டும். கேட்டவர்கள் தம்பூரைச் சுருதி போல என்கிறார்கள். கேளாமல் திரும்பியவர்கள் தொகை பெரிது. நீருக்கடியில் சில மீன்கள் காற்றுப்பையை அதிரச் செய்து ஓசை எழுப்புவது உலகில் வேறு இடங்களிலும் பதிவான செய்தி. 1980களில் கலிபோர்னியாவின் சோசலிற்றோவில் படகுவீடுகளில் வாழ்ந்தவர்களை இரவில் தூங்கவிடாத இரைச்சல், துணை தேடும் ஒரு மீனினத்தின் சத்தம் என்று கண்டுபிடிக்கப்பட்டது. கல்லடிப் பாலத்தடியில் பாடுவது எந்த உயிர் என்று இதுவரை யாரும் ஐயமறக் காட்டவில்லை. இயந்திரப் படகுகளின் இரைச்சலும் பாலத்து வாகனச் சத்தமும் கூடிய பிறகு அந்த ஓசையைக் கேட்பதே கடினமாகிவிட்டது.

பாலம் தாண்டிய கல்லடியில்தான் விபுலாநந்தரின் சமாதி உள்ளது. காரைதீவில் 1892 இல் பிறந்து, இராமகிருஷ்ண மிஷனில் துறவேற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் அவர். யாழ் நூல் அரங்கேறிய 1947 ஆம் ஆண்டிலேயே மறைந்தார். அவர் உருவாக்கிய சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். தமிழ்நாட்டிலிருந்து வரும் பயணிகள் தவறவிடக் கூடாத இடம் இது.

கல்லடிக் கடற்கரையை 2004 டிசம்பர் 26 இன் சுனாமி துடைத்துப் போட்டது. பக்கத்து நாவலடியில் குடும்பம் குடும்பமாகப் போய்விட்டார்கள். மாவட்டம் முழுவதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கரையோரத்துத் திருச்செந்தூர் முருகன் கோவிலின் கோபுரம் அன்று அடித்த நீரில் ஒரு பக்கம் சாய்ந்தது. அருகில் உள்ள டச்பார் பறங்கியர் வாழ்ந்த பகுதி. அலை அவர்களையும் விட்டுவைக்கவில்லை. போர்த்துக்கேய வழித்தோன்றல்களான மட்டக்களப்புப் பறங்கியர் தச்சு, கொல்லு, இயந்திரத் திருத்தம் முதலிய கைவினைகளால் வாழ்ந்தவர்கள். வீட்டில் போர்த்துக்கேயக் கலப்பு மொழியும் வெளியில் தமிழும் பேசுவார்கள். கலியாண வீட்டில் வயலினோடு கஃப்ரிஞ்ஞா ஆடும் வழக்கம் அவர்களிடம் இன்னும் உண்டு. அம்மொழி பேசுவோர் தலைமுறைக்குத் தலைமுறை குறைகிறார்கள்.

வீதியில் மேலும் தெற்கே போனால் காத்தான்குடி. இலங்கையிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களில் ஒன்று. முற்றிலும் முஸ்லிம் ஊர் எனலாம். வீதி நடுவில் பேரீச்ச மரங்கள் நிற்கும். சாரம், பிடவை, நகை, இரும்பு என்று வியாபாரம் நள்ளிரவு வரை ஓயாது. வெள்ளிக்கிழமை நடுப்பகல் மட்டும் கடைகள் பூட்டிக் கிடக்கும். இங்குள்ள நூதனசாலை முஸ்லிம்களின் பழைய புழங்கு பொருட்களையும் வாழ்க்கை முறையையும் காட்டுகிறது. மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் அரசியலில் எவ்வளவு பிரிந்தாலும், ஒரு வழக்கத்தில் ஒன்றுபட்டவர்கள்: வீடு மகளுக்கு. கலியாணத்தோடு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்திலும் வேரூன்றியது. ‘மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்’ என்று யாழ்ப்பாணத்தார் மாந்திரீகத்தின் மேல் போட்ட பழிக்கு, வீடும் வயலும் பெண் பெயரில் இருந்ததே போதிய விளக்கம்.

அக்கரை

படுவான்கரைக்குப் போக முன்பு தோணியும் ‘பாதை’யும்தான் வழி. மட்டக்களப்பில் பாதை என்றால் ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவைப் படகு. மண்முனைத் துறையில் ஓடிய பாதை, 2014 இல் ஜப்பானிய உதவியுடன் பாலம் கட்டப்பட்டதும் நின்றது. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் பாதை போக்குவரத்து தொடர்ந்தது. வாவியைப் பார்க்கக் காசு கொடுத்து உல்லாசப் படகு ஏறுவதைவிட, காலை வேளையில் பாடசாலைப் பிள்ளைகளோடும் மீன் கூடைக்காரரோடும் பாதையில் நின்றபடி கடப்பது மேல். வீச்சுவலை எறிபவரும், கண்டல் மர நிழலில் தோணியைக் கட்டி இறால் பிரிப்பவரும், மரக்கிளையில் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகமும் கைக்கெட்டும் தூரத்தில் தெரிவார்கள். முதலையும் உண்டு, ஆகவே கண்ட இடத்தில் இறங்கிக் குளிக்கக் கூடாது.

மண்முனைப் பாலம் கடந்தால் கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் கோவில் படுவான்கரையின் தலைக்கோவில். கோவிலை இடிக்க வந்த போர்த்துக்கேயர் முன் கல் நந்தி எழுந்து புல் தின்றது என்பது இங்குள்ள ஐதீகம். தேர்த் திருவிழாவுக்கு இரு கரையும் ஒன்றாகும். தெற்கே மண்டூர்க் கந்தசுவாமி கோவிலில் கதிர்காமத்தைப் போலவே, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு கப்புகனார் மந்திரமின்றிப் பூசை செய்வார், ஆவணியில் திருவிழா. நகருக்கு அருகில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தக்குளத்தில் ஆடி அமாவாசையன்று இறந்த தந்தையருக்காக மூழ்குவோர் கூட்டம் மிகப் பெரிது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரைக் கூட்டம் ஆண்டுதோறும் இந்தக் கரை வழியாக நடந்துபோகும். வழிநெடுக ஊர்கள் தண்ணீரும் சோறும் கொடுக்கும். கிழக்கில் உல்லாசப் பயணத்துறை என்ற பேச்சே எழாத காலத்திலிருந்து வழிப்போக்கரை உபசரித்த பழக்கம் இது.

தமிழ் வாசகரை எதையும்விட அதிகம் ஈர்க்க வேண்டியது கண்ணகி வழிபாடு. சிலப்பதிகாரத்தைப் பாடமாகப் படித்த தமிழ்நாட்டில் கண்ணகிக்குக் கோவில் அரிது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் மரபு அவளைச் சமணச் செட்டிச்சி என்று ஒதுக்க, பல கோவில்கள் அம்மன் பெயரை மாற்றிக்கொண்டன. மட்டக்களப்பிலோ செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடி உட்படப் பல ஊர்களில் கண்ணகை அம்மன் இன்றும் கண்ணகையாகவே இருக்கிறாள். வைகாசியில் கோவில் கதவு திறந்து, ‘கண்ணகி வழக்குரை’ காவியம் பாடி, மதுரையை எரித்த சினம் ஆறக் குளிர்த்தி பாடிச் சடங்கை முடிப்பார்கள். முன்னாளில் மழையில்லாத காலத்தில் கொம்புமுறியும் நடந்தது. ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, ஒன்று கோவலன் கட்சி, மற்றது கண்ணகி கட்சி. வளைந்த இரு கொம்புகளைக் கொளுவி வடம் கட்டி இழுப்பார்கள். எவர் கொம்பு முறிகிறதோ அவருக்கு வசைப் பாட்டு. சண்டை முற்றியதால் பல ஊர்களில் கைவிட்டார்கள்.

கூத்துப் பார்க்க விரும்புவோர் பெரும்போக அறுவடை முடிந்த பிறகு வரவேண்டும். வடமோடி, தென்மோடி என்று இரு வகை. வட்டக்களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, ஏட்டைப் பார்த்துப் பாடும் ஏட்டண்ணாவியாரும் சல்லரிக்காரரும் பக்கத்தில் நிற்பார்கள். வடமோடி அரசர்கள் அகன்ற கரப்புடுப்போடு கிறுகிக் கிறுகி ஆடுவது விடியும் வரை நடக்கும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இந்தக் கூத்துகளைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். அந்த வழியில் வந்த சி. மௌனகுரு மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்தார். ஆனாலும் விடுதி முற்றத்தில் அரை மணி நேரத்துக்குச் சுருக்கி ஆடிக்காட்டும் கூத்தைக் கூத்து என்று நம்பிப் போவது பரிதாபம்.

சோறும் தயிரும்

சாப்பாட்டில் மட்டக்களப்பு யாருக்கும் பின் நிற்காது. வாவி இறாலும் நண்டும் கொழும்புச் சந்தையிலும் பெயர்பெற்றவை. வீடுகளில் சோற்றோடு தேங்காய்ப்பால் ஆணம், மீன் பொரியல், கீரைச் சுண்டல். காலையில் பிட்டு, அதற்கு நண்டுக் கறியும் பொருந்தும், தயிரும் வாழைப்பழமும் பொருந்தும். எருமைத் தயிரை மண்சட்டியில் உறையவைத்து விற்பார்கள். நல்ல தயிர் என்றால் சட்டியைச் சரித்தாலும் சிந்தாது; கரண்டி வைத்த இடத்தில் வெட்டுவாய் தெரியும். வடக்கு நோக்கிப் போகும் வீதியோரக் கடைகளில் சட்டிகள் வாயில் கடதாசி கட்டி அடுக்கப்பட்டிருக்கும்.

இந்தத் தயிருக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. மாவட்டத்தின் மேற்கெல்லையில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் வெளியார் புகுந்து பயிர் செய்வதாகவும் மாடுகள் சுடப்படுவதாகவும் முறையிட்டுப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். மேய்ச்சல் தரை இல்லாமல் மட்டக்களப்புத் தயிர் என்று ஒன்று இருக்காது என்பது சட்டியை விலை கேட்பவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

பாசிக்குடாவும் காம்பியாவும்

பாசிக்குடாவின் அழகில் குறை சொல்ல ஏதுமில்லை. முருகைக்கல் அரண் அலையைத் தடுக்க, குடாவுக்குள் நெடுந்தூரம் இடுப்பளவு நீரில் நடக்கலாம். குழந்தைகளோடு வருவோருக்கு இலங்கையில் இதைவிடப் பாதுகாப்பான கடல் அரிது. 1970களிலேயே இங்கே ஹோட்டல்கள் இருந்தன. சூறாவளியும் யுத்தமும் சுனாமியும் அவற்றை இல்லாமல் ஆக்கின. கிழக்கில் சண்டை 2007 இல் ஓய்ந்து, நாட்டில் 2009 இல் முடிந்த பின்னர், அரசாங்கம் இதை விசேட உல்லாச வலயமாக்கிக் கம்பனிகளுக்குக் காணி பகிர்ந்தது. கரையை அடைத்து வரிசையாக ஆடம்பர விடுதிகள் எழுந்தன.

இப்படிப்பட்ட வலயத்தால் ஊருக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு மேற்கு ஆபிரிக்காவின் காம்பியா நல்ல பாடம். ஆபிரிக்கப் பெருநிலத்தின் மிகச் சிறிய நாடு அது. பரப்பு ஏறத்தாழ 11,300 சதுர கிலோமீற்றர். செனகலுக்குள் செருகியதுபோல, காம்பியா ஆற்றின் இரு கரையுமே நாடு. 1965 இல் சுவீடன்காரர் குளிர்காலம் கழிக்க வரத் தொடங்கியதும் கடலோரம் முழுக்க விடுதிகள் எழுந்தன. ஆற்றின் மேற்பகுதிக் கிராமங்களை எட்டிப் பார்த்தவர் சிலரே. தங்குமிடம், மூன்று வேளை உணவு, குடி எல்லாவற்றுக்கும் ஊரில் இருந்தபடியே பணம் கட்டி வருபவர் விடுதி வாசலைத் தாண்டுவதில்லை என்று கடைக்காரரும் வழிகாட்டிகளும் முறையிட, 1999 இல் அத்தகைய பயணத் திட்டங்களை அரசாங்கம் தடைசெய்தது. வெளிநாட்டுப் பயண முகவர்களின் நெருக்குதலில் அடுத்த ஆண்டே தடை விலக்கப்பட்டது. 

பாசிக்குடா விடுதியில் தங்குபவரும் பெரும்பாலும் அந்த வேலிக்குள்ளேயே சாப்பிடுகிறார், அங்கேயே படகு ஏறுகிறார். கல்குடா, பேத்தாழைப் பிள்ளைகள் சிலருக்கு அங்கே வேலை கிடைத்தது உண்மை. ஆனால் அக்கரைத் தோணிக்காரருக்கோ காத்தான்குடி சாப்பாட்டுக் கடைக்கோ அந்தப் பணம் நகர்ந்து வருவதில்லை. வலயம் கட்டியவர்கள் வாவியை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை என்பதுதான் குறை.

கடலடியில் கிடப்பதும் கரையில் நிற்பதும்

ஆழம் மூழ்கப் பயின்றவர்கள் மட்டக்களப்புக்கு வருவதற்குக் காரணம் ஹேர்மிஸ். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலையிலிருந்து வெளியேறியிருந்த அதை ஜப்பானிய விமானங்கள் குண்டுவீசி மட்டக்களப்புக்கு அப்பால் தாழ்த்தின. 307 பேர் அதோடு மாண்டனர். கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடப்பதால் விசேட பயிற்சி உள்ளவர் மட்டுமே போகலாம். ஆழம் குறைந்த இடத்தில் அதே நாளில் தாழ்ந்த பிரிட்டிஷ் சார்ஜன்ற் என்ற எண்ணெய்க் கப்பல் மற்றவர்களுக்கு வாய்ப்பானது. பாலமீன்மடுவில் 1913 இல் கட்டிய வெளிச்சவீட்டைச் சுற்றி மாலையில் குடும்பங்கள் கூடும். முகத்துவாரத்தைக் கரையிலிருந்து பார்க்க அதுவே இடம்.

யுத்தத்தைத் தவிர்த்து மட்டக்களப்பைச் சொல்வது பொய்யாகும். 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் தமிழ் ஆயுததாரிகளால் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாக 180 பேருக்கு மேல் இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை 1987 இலும் 1991 இலும் படுகொலைகளைக் கண்டது. 2019 உயிர்த்த ஞாயிறன்று நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, சிறுவர்கள் பலர் உட்பட முப்பது பேரளவில் இறந்தனர். நினைவுத்தூண்கள் வீதியோரம் நிற்கின்றன. அவற்றின் முன் தற்படம் எடுப்பதும், விடுதிப் பணியாளரிடம் ‘அந்தக் காலத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்’ என்று கிளறுவதும் பண்பல்ல. அவர்களாகச் சொன்னால் கேட்கலாம்.

மற்ற நடைமுறைகள் சிறியவை. கோவிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை களைய வேண்டும். கல்லடிக் கடற்கரையில் உள்ளூர்ப் பெண்கள் உடுத்த உடுப்போடுதான் குளிப்பார்கள். நீச்சலுடை பாசிக்குடா விடுதிக் கரைக்கு. படுவான்கரையிலிருந்து மாலை ஆறு மணிக்கு முன் திரும்பிவிட வேண்டும், யானை காரணம். வாவி ஓரம் கண்டல் மரம் வெட்டி மண் கொட்டி நிரப்புவதும், நகரக் கழிவு நீர் வாவியில் சேர்வதும் நிற்கவில்லை. பயணி தன் போத்தலையும் பையையும் திரும்பக் கொண்டுபோனால் அந்த அளவுக்காவது உபகாரம்.

வருகிறவர் பாசிக்குடாவுக்கு ஓர் இரவு கொடுக்கட்டும், நகருக்கு இரண்டு இரவு கொடுக்கட்டும். வைகாசிச் சடங்கோ ஆடி அமாவாசையோ பூரணையோ அந்த நாட்களில் விழுந்தால் மேலும் நல்லது. கல்லடியிலோ புளியந்தீவிலோ குடும்பம் நடத்தும் சிறு விடுதியில் தங்கி, உள்ளூர் ஆட்டோக்காரரையும் தோணிக்காரரையும் அமர்த்திக்கொள்ளுங்கள். கூலியை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.